சுழற்கோப்பையில் யார் பெயர்? செட்டிநாட்டுப் பள்ளிகளும் விளையாட்டு ஹால் ஆஃப் ஃபேமும்

செட்டிநாட்டில் பழைய பள்ளிக்கூடம் எதற்குள் நுழைந்தாலும் பெயர்களைப் படித்துக்கொண்டேதான் உள்ளே போக வேண்டும். வாசல் வளைவில் ஒரு பெயர், வகுப்பறை நிலைக்கு மேல் கருங்கல்லில் ஒரு பெயர், குடிநீர்த் தொட்டியில் ஒன்று, கொடிமேடையில் ஒன்று. இன்னார் நினைவாக அவர் மக்கள் உபயம் என்று, மூன்று நான்கு எழுத்து விலாசத்தோடு, அதாவது குடும்ப முதலெழுத்துகளோடு, வெட்டியிருக்கும். தலைமையாசிரியர் அறையில் இரண்டு மரப்பலகைகள் தொங்கும். ஒன்றில் இதுவரை இருந்த தலைமையாசிரியர்கள். இன்னொன்றில் ஆண்டுவாரியாகப் பொதுத்தேர்வில் முதல் மதிப்பெண் எடுத்தவர்கள். மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது; பலகையில் மட்டும் இன்னும் வருஷா வருஷம் ஒரு வரி ஏறிக்கொண்டிருக்கிறது.

விளையாட்டில் சாதித்தவர்கள் பெயர்? அது பீரோவுக்குள் இருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்ட பீரோ, சாவி யாரிடம் என்று தெரியாது. உள்ளே பித்தளை கறுத்த கோப்பைகள், முலாம் உரிந்த பிளாஸ்டிக் ஷீல்டுகள். அதில் ஒரு சுழற்கோப்பையை எடுத்துப் பாருங்கள். கோப்பையின் வயிற்றில் பெரிய எழுத்தில், அதைக் கொடுத்தவருடைய தகப்பனார் பெயர். கீழே மர அடிப்பாகத்தைச் சுற்றிக் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தகட்டுத் துண்டுகள்; ஒவ்வொன்றிலும் ஒரு ஆண்டு, ஜெயித்த பள்ளியின் பெயர். ஆடிய பிள்ளைகள் பெயர் எங்கேயும் கிடையாது. அணித்தலைவர் பெயர்கூட இருக்காது. இந்த வட்டாரத்தில் யாருக்குப் பெயர் வெட்டுவது வழக்கம் என்பது அந்த ஒரு கோப்பையிலேயே தெரிந்துவிடும்: கொடுத்தவருக்கு.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கமெல்லாம் சர்க்கார் வருவதற்கு முன்பே பள்ளிக்கூடம் வந்தது கொடுத்தவர்களால்தான். கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதும், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததும் ஊரறிந்த கதை. கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டியதால் அடுத்தவருக்கும் கொடுக்கத் தோன்றியது. அந்த ஏற்பாடு வேலை செய்தது, சரி. ஆனால் ஆடியவருக்கும் ஆட வைத்தவருக்கும் பெயர் வைக்க வேறொரு ஏற்பாடு வேண்டும். அது இங்கே உருவாகவே இல்லை.

அண்மைக் காலமாக முன்னாள் மாணவர் சந்திப்புகளில் இந்தப் பேச்சு எழ ஆரம்பித்திருக்கிறது. ஸ்மார்ட் வகுப்பறை கொடுத்தாயிற்று, கழிப்பறை கட்டியாயிற்று, அப்புறம் என்ன என்று கேட்கும்போது, அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒருவர் கை தூக்குகிறார். என் பையன் பள்ளியில் ஜிம்முக்குப் போகும் நடை நெடுக படமும் பெயருமாக மாட்டியிருக்கிறார்கள், ஹால் ஆஃப் ஃபேம் என்று பெயர், நாமும் ஒன்று வைப்போமே என்கிறார். உடனே கருங்கல் விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். கல்லுக்கு முன்னால் விசாரிக்க வேண்டியது அதன் விதிமுறைகளை. அவை கொஞ்சம் சலிப்பூட்டும்தான். ஆனால் அந்த நடைபாதைப் படங்களுக்கு மதிப்பு வருவதே அவற்றால்தான்.

அமெரிக்காவில் இந்த வழக்கம் விளையாட்டில் தொடங்கவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் நாட்டின் பெரிய மனிதர்களுக்கு மார்பளவுச் சிலைகளோடு ஒரு மண்டபம் எழுப்பி 1901-இல் திறந்தது. விளையாட்டுக்கு அதைக் கொண்டுவந்து ஊர் ஊராகப் பரவ வைத்தது பேஸ்பால். கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் அருங்காட்சியகம் 1939-இல் திறந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1936-இல், முதல் வாக்கெடுப்பு நடந்து ஐந்து பேர் தேர்வானார்கள். பேப் ரூத் அதில் ஒருவர். அவருக்கே 226 வாக்கில் 215-தான் கிடைத்தது. பேஸ்பாலின் கடவுள் என்று சொல்லப்பட்டவருக்கு 11 பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடவில்லை, அதற்காக யாரும் அவர்கள் வீட்டுக்குக் கல் எறியவும் இல்லை.

இன்று அங்கே இருக்கிற விதி இது. ஆட்டத்தை விட்டு ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். வாக்களிப்பவர்கள் பத்து வருஷமாவது பேஸ்பால் செய்தி எழுதிய நிருபர்கள். 75 சதவீத வாக்கு கிடைத்தால்தான் உள்ளே. 2013-இல் நிருபர்கள் வாக்கில் ஒருவர்கூடத் தேறவில்லை. எங்கள் வாக்கில் இந்த வருஷம் யாருமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் விழா வைத்துவிட்டு விருது யாருக்கும் இல்லை என்று சொன்னால் பந்தல்காரர்கூடக் கோபித்துக்கொள்வார். ஆனால் இல்லை என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் உண்டு என்பதற்கு மரியாதை.

பள்ளிகள் இதைத் தங்கள் அளவுக்குச் சுருக்கிக்கொண்டன. அங்கே உயர்நிலைப் பள்ளி விளையாட்டு என்பது ஊர் விவகாரம். வெள்ளிக்கிழமை இரவு பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு ஊரே வரும். உள்ளூர்ப் பத்திரிகை மறுநாள் எழுதும். பள்ளி ஆண்டு மலரில் ஒவ்வொரு அணியும் படத்தோடு அச்சாகும். அதனால் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்டக்காரரைப் பற்றிக்கூட எழுத்தில் ஆதாரம் இருக்கும். பள்ளிக்குப் பள்ளி விதி மாறினாலும் சட்டகம் ஒன்றுதான்: பள்ளியை விட்டு ஐந்தோ பத்தோ வருஷம் ஆகியிருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் படிவம் நிரப்பி ஒருவரை முன்மொழியலாம், பழைய விளையாட்டு இயக்குநர், முன்னாள் மாணவர், சில இடங்களில் உள்ளூர் நிருபர் என ஒரு குழு உட்கார்ந்து பார்க்கும், வருஷத்துக்குச் சில பெயர்கள் மட்டும் தேறும். முன்னாள் மாணவர்கள் ஊர் திரும்பும் வாரத்தில் நடக்கும் ஆட்டத்தின் இடைவேளையில் அவர்களை மைதானத்துக்கு அழைத்துப் பெயர் வாசிப்பார்கள். பள்ளி விளையாட்டுக்கென்றே தேசிய அளவிலும் ஒன்று 1982-இல் தொடங்கியது. அதில் வீரர்களும் பயிற்சியாளர்களும் மட்டுமில்லை, நடுவர்களும் நிர்வாகிகளும்கூட இடம்பெறுகிறார்கள்.

இதில் நாம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் காத்திருப்பு வருஷங்களை. ஏன் காத்திருக்க வேண்டும்? பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலப் போட்டியில் ஜெயித்த பையனுக்கு அன்றைக்கே ஃபிளெக்ஸ் அடித்தாகிவிடுகிறது. அது அன்றைய சந்தோஷம், இருக்கட்டும். பத்து வருஷம் கழித்துப் பார்க்கும்போதுதான் அந்த வெற்றி எவ்வளவு பெரியது என்று தெரியும். அந்தச் சாதனையை அப்புறம் யாராவது முறியடித்தார்களா, அந்தப் பையன் அடுத்து எங்கே போனான், தம்பிகளை இழுத்துவந்தானா என்பதெல்லாம் அன்றைக்குத் தெரியாது. இன்னொரு லாபமும் உண்டு. பெற்றோர் சங்கத்தில் இருக்கிற அப்பாவின் செல்வாக்கு பத்து வருஷம் நீடிக்காது.

அடுத்தது, கொடுப்பவரையும் தேர்ந்தெடுப்பவரையும் பிரித்து வைப்பது. செட்டிநாட்டில் இது கத்தி மேல் நடக்கிற வேலை. இங்கே பணம் பிரச்சினையே இல்லை. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஒரு வாட்ஸ்அப் செய்திக்குள் கல்லுக்கான காசு வந்துவிடும். காசு கொடுத்தவர், நம்ம பெரியப்பா மகன் நன்றாக வாலிபால் ஆடுவான் என்று ஒரு வார்த்தை சொன்னால் குழு என்ன செய்யும்? அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஆட்டக்காரர், பயிற்சியாளர் என்ற வகைகளோடு, பள்ளி விளையாட்டுக்குத் துணைநின்றவர் என்று தனி வகை. கொடையாளருக்கு அங்கே இடம் உண்டு, ஆட்டக்காரர் வரிசையில் கிடையாது.

அந்த வகையில் பெயர் தேட வேண்டுமானால் செட்டிநாட்டுக்குப் பஞ்சமே இல்லை. சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம் கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்தவர். 1960 முதல் 1963 வரை இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தார். அதே அரண்மனைக் குடும்பத்து எம்.ஏ.எம். இராமசாமி இந்திய ஹாக்கி சம்மேளனத் தலைவராக இருந்தவர். ஆக, விளையாட்டு நிர்வாகத்தில் இந்த மண்ணின் பெயர் நாடறிந்தது. நாட்டின் பெரிய கிரிக்கெட் மைதானம் ஒன்றில் செட்டிநாட்டுக்காரர் பெயர் இருக்கிறது, அவர் ஆடியதற்காக இல்லை. சுழற்கோப்பையில் பார்த்த அதே கணக்கு, அளவுதான் பெரிது.

இனிப் பயிற்சியாளர். பள்ளிகள் ஹால் ஆஃப் ஃபேம் வைப்பதற்கு முதல் காரணம் இவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நாட்டின் கணக்கையே பாருங்கள். விளையாட்டு வீரர்களுக்கு அர்ஜுனா விருது 1961-இல் வந்தது. பயிற்சியாளர்களுக்குத் துரோணாச்சாரியார் விருது 1985-இல்தான் வந்தது. சிஷ்யனுக்கு விருது கொடுத்து 24 வருஷம் கழித்துக் குருவை நினைத்திருக்கிறார்கள். முதல் வருஷம் அதை வாங்கிய மூவரில் ஒருவர் பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியார். அந்த விருதும் சர்வதேசப் பதக்கத்தைக் கொண்டு அளக்கப்படுவது. கடைசியாகப் பயிற்சி கொடுத்தவர் கணக்கில் வருவார். ஏழாம் வகுப்பில் அந்தப் பெண்ணை வரிசையிலிருந்து கூப்பிட்டு, நீ ஓடிப் பாரு என்று சொன்னவர் வரமாட்டார். மாநில அரசின் விளையாட்டு விருதுகளில் உடற்கல்வி ஆசிரியருக்கும் இடம் உண்டுதான், ஆனால் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து விரல்விட்டு எண்ணுகிற அளவு. ஊர்ப் பள்ளியின் பி.இ.டி. சாருக்கு மரியாதை என்று ஒன்று வந்தால் அந்தப் பள்ளியிலிருந்துதான் வர முடியும்.

இத்தனைக்கும் காரைக்குடி பயிற்சியாளர்களை உருவாக்குகிற ஊர். அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரியில் பி.பி.எட்., எம்.பி.எட். படித்துவிட்டுத் தென்மாவட்டப் பள்ளிகளுக்குப் போனவர்கள் ஏராளம். காலையில் டிராக் சூட்டில் பல்கலைக்கழக மைதானத்தைச் சுற்றுகிறவர்களில் பாதிப் பேர் நாளைக்கு யாரோ ஒரு பள்ளியில் விசில் ஊதப் போகிறவர்கள். அவர்களை அனுப்பிவைக்கிற ஊரிலேயே பள்ளிச் சுவர் எதிலும் உடற்கல்வி ஆசிரியர் பெயரைப் பார்ப்பது அபூர்வம்.

அவர் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் எதை மதிக்க வேண்டும் என்று குழுவுக்குத் தெரியும். காலை வழிபாட்டுக்கு வரிசை கட்டுவது, முடி வெட்டாதவனை வெளியே நிறுத்துவது, ஊர்வலம் வந்தால் முன்னால் நடப்பது, பந்தோபஸ்து என இதெல்லாம் அவர் தலையில். பத்தாம் வகுப்புக்குப் பி.டி. பீரியட் என்று கால அட்டவணையில் இருக்கும், கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். மிச்சமிருக்கிற நேரத்தில்தான் பயிற்சி. பெரும்பாலான பள்ளி மைதானங்களில் 400 மீட்டர் டிராக்குக்கு இடம் இருக்காது. முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியைத் தூவி 200 மீட்டர் டிராக்தான் போடுவார். அதிலேயே பழகிய பிள்ளை மாவட்டப் போட்டிக்குப் போய் முதல்முறையாக 400 மீட்டர் டிராக்கில் நிற்கும்போது திணறும். வளைவு எப்போது முடிகிறது, எங்கே வேகம் கூட்டுவது என்றே பிடிபடாது. இது தெரிந்த பி.இ.டி. என்ன செய்வார் என்றால், பிள்ளைகளை ஊருணிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கரையைச் சுற்றி ஓடினால் நீண்ட வளைவு பழகும். செம்மண் கரை, முழங்கால் சிராய்க்கும், பரவாயில்லை என்பார். குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று ஒவ்வொரு படியிலும் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் பள்ளி கொடுக்கிற தொகைக்குள் அடங்காது. மீதி யார் பையிலிருந்து போகிறது என்பது எந்த வவுச்சரிலும் வராது.

அதனால் பயிற்சியாளரைக் கோப்பை எண்ணிக்கையை மட்டும் வைத்து அளந்தால் தப்பான ஆள்தான் தேறுவார். பெரிய பள்ளியில் ஆயிரம் பிள்ளைகளில் பொறுக்குகிறவருக்கும், கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் கபடி அணிக்கு ஏழு பேர் சேர்க்கவே வீடு வீடாகப் போகிறவருக்கும் ஒரே அளவுகோல் சரிவராது. சேவைக் காலத்தை அளவாக வைத்தாலும் சிக்கல் உண்டு. செட்டிநாட்டில் பழைய பள்ளிகளில் நிறைய அரசு உதவி பெறும் பள்ளிகள். அங்கே ஒரு பி.இ.டி. சேர்ந்தால் ஓய்வு பெறும்வரை அதே மைதானம்தான். அரசுப் பள்ளிக்காரர் கலந்தாய்வில் இடம் மாறிக்கொண்டே இருப்பார். ஐந்து வருஷத்தில் அணியை உருவாக்கிவிட்டுப் போவார், கோப்பை அடுத்து வந்தவர் கையில் இருக்கும். இதற்கு என்ன வழி? முன்னாள் மாணவர்கள் எழுதித் தருகிற சாட்சியத்தைக் கணக்கில் எடுப்பதுதான். அந்த ஆசிரியரிடம் பயின்று, பின்னால் தானும் பி.இ.டி. ஆனவர்கள், போலீஸிலோ ராணுவத்திலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பதக்கத்தை விட இந்தக் கணக்கு நேர்மையானது. சர்டிபிகேட் என்பது இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஃபிரேம் போடுகிற பொருள் கிடையாது, வேலைக்குப் போகிற வழி. தேசியப் பள்ளிப் போட்டிக்கான ஃபார்ம் 4 என்ற சான்றிதழில் கையெழுத்து வாங்க எந்த அலுவலகத்தில் எத்தனை மணி நேரம் நின்றார் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள்.

பயிற்சியாளரைக் கௌரவிப்பதில் பேசத் தயங்குகிற ஒரு விஷயமும் இருக்கிறது. பிள்ளைகள் மேல் இவ்வளவு அதிகாரம் உள்ள பொறுப்பு வேறு இல்லை. பதக்கங்களைக் காட்டிப் பெயர் வாங்கிய சென்னைத் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் 2021-இல் போக்சோ சட்டத்தில் கைதானார். அதனால், பணியில் இருக்கும்போதே யாருக்கும் பெயர் வைப்பதில்லை, ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆன பிறகே என்ற விதி இங்கே மரியாதைக்கான தாமதம் மட்டுமில்லை, பாதுகாப்பும்கூட. அந்த இடைவெளியில் பழைய மாணவிகள் வளர்ந்த பெண்களாக, பயமில்லாமல் பேசக்கூடியவர்களாக ஆகியிருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் எந்தக் குழுவும் பெயரை முடிவு செய்யக்கூடாது. ஏறிய பெயரை எந்தக் காரணத்துக்காக எப்படி எடுப்பது என்பதையும் முதல் நாளே எழுதிவைத்துவிட வேண்டும். கருங்கல்லில் வெட்டினால் எடுப்பது கஷ்டம்; தனித்தனித் தகடாக மாட்டுவதே மேல்.

சரி, எது தகுதி என்ற கேள்விக்கு வருவோம். பதக்கப் பட்டியலை வைத்துத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தைப் பார்க்கட்டும். கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அதைப் பறித்துக்கொண்டார்கள். ஊக்கமருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். அதிகாரப்பூர்வப் பட்டியலில் அந்த வெள்ளி இல்லை. அதே மாவட்டத்து கோவிந்தன் லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வர் ஆசியத் தடகளத்தில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வாங்கியவர். மறுவருஷம் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடும்போது கோட்டுக்கு உள்ளே கால் வைத்துவிட்டார் என்று வெண்கலம் போனது. லட்சுமணனுக்காவது வேறு தங்கங்கள் கை கொடுக்கும். பட்டியலை மட்டும் பார்க்கிற குழு சாந்திக்கு என்ன சொல்லும்? அரசு கொடுத்த பரிசுப் பணத்தில் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் தொடங்கியவர் அவர். பிற்பாடு மறுபடியும் சூளை வேலைக்குப் போக வேண்டி வந்ததும், அப்புறம் பயிற்சியாளராக அரசுப் பணிக்கு வந்ததும் செய்தியாக வந்தவைதான். என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட ஒருவரை உள்ளே கொண்டுவர முடியாத விதி, எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பள்ளிக்கு உதவாத விதி.

பெண்கள் விஷயத்தில் அமெரிக்கப் பள்ளிகளே சங்கடப்பட்டிருக்கின்றன. கல்வியில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1972-இல் சட்டம் வருவதற்கு முன்பு, 1971-72 கல்வியாண்டில், அங்கே உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் இருந்த பையன்கள் 36 லட்சத்துக்கு மேல்; பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்று பெண்கள் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் 1972-க்கு முந்தைய பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு அணியே இல்லாதபோது சாதனைக் குறிப்பு எங்கிருந்து வரும்?

நம் பக்கம் அணி இருந்தது, ஆள் நிற்கவில்லை. எட்டாம் வகுப்பில் கோ-கோவில் மாவட்டத்தையே கலக்கிய பெண் பத்தாம் வகுப்பில் மைதானத்துக்கு வரமாட்டாள். ஷார்ட்ஸ் போடக்கூடாது என்பதில் ஆரம்பித்துக் கல்யாணப் பேச்சில் முடியும். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும் பையன்களைத் தேடுவதுபோல் லேசில்லை. இனிஷியல் மாறியிருக்கும், ஊர் மாறியிருக்கும், முன்னாள் மாணவர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் எண்ணே இருக்காது. அந்த ஊரில் இன்னும் இருக்கிற தோழி ஒருத்தியைப் பிடித்தால் மற்றவர்கள் வந்துவிடுவார்கள். குழுவில் இரண்டு மூன்று பெண்களாவது இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். ஆண்கள் மட்டும் உட்கார்ந்தால் கிரிக்கெட் ஆடின பயல்கள் பெயரே வரும்.

அணியாகச் சேர்ப்பது எளிதான முடிவு. அமெரிக்கப் பள்ளிகள் பலவும் ஓர் ஆண்டின் அணியை முழுசாக எடுத்துக்கொள்கின்றன. கபடியும் கோ-கோவும் வாலிபாலும் ஆடுகிற நமக்கு அது இன்னும் பொருந்தும். பாடி வந்தவனை மட்டும் போட்டு, காலைக் கட்டிப் பிடித்தவனை விட்டுவிட்டால் சண்டைதான் வரும்.

பெரிய தலைவலி ஆதாரம். அமெரிக்கப் பள்ளிக்கு ஆண்டு மலரும் பத்திரிகையும் இருக்கின்றன. நம் பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு பத்திரமாக இருக்கும், விளையாட்டுப் பதிவேடு கறையான் தின்றிருக்கும். ஆனால் வேறு இடங்களில் கிடைக்கும். வேலைக்கு விண்ணப்பித்தவர் வீட்டில் பழைய மெரிட் சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். ஸ்டுடியோவில் எடுத்த அணிப் புகைப்படம், கீழே வரிசையாகப் பெயர் எழுதினது, யார் வீட்டுப் பட்டாசாலையிலாவது தொங்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஓய்வு பெற்ற பி.இ.டி.க்களின் ஞாபகம். அது ஒரு தனி ரகம். பழைய மாணவன் ஒருவன் போய், "சார், என்னைத் தெரியுதா?" என்று நின்றால் பெயர் வராது, ஆனால், "ஹை ஜம்ப்தானேடா நீ? குதிகாலைத் தட்டித் தட்டிக் கம்பைத் தள்ளிவிடுவியே" என்று ஈவன்ட் உடனே வந்துவிடும். இவர்களில் பலருக்கு எழுபது, எண்பது வயதாகிறது. கல்லும் தகடும் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். ஒரு செல்போனை வைத்து இவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் எல்லோரும் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஆக, ஒரு பள்ளி நாளைக்கே தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால் வரிசை இப்படி இருந்தால் நல்லது: முதல் வருஷம் முழுக்கச் சேகரிப்பு மட்டும், பெயர் எதுவும் அறிவிக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நிதி தருகிறவர் தேர்வுக் குழுவில் உட்காரக்கூடாது, அவருடைய நெருங்கிய சொந்தம் பரிசீலனைக்கு வந்தால் அந்த வருஷம் நிதியை வேறு ஒருவர் தரட்டும். இரண்டாம் வருஷம் ஐந்து பெயர் போதும். ஐந்தில் ஒன்று உடற்கல்வி ஆசிரியர், ஒன்று ஓர் அணி, குறைந்தது ஒருவர் பெண். விழாவை ஆண்டு விழாவில் சொருகினால் நடனத்துக்கும் நன்றியுரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். விளையாட்டு விழா அன்றைக்கு வையுங்கள். ஒலிம்பிக் கொடியை ஏற்றவும் அணிவகுப்பு மரியாதையை ஏற்கவும் அன்று வெளியிலிருந்து சிறப்பு விருந்தினர் வேண்டாம், அந்த ஐந்து பேரே போதும். சால்வைச் செலவும் மிச்சம்.